மலைப்பாதையில் முதல் ஊசி

சேர்வராயன் மலையில் எலும்பு முறிவுக்கும் பருவம் உண்டு. மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும்போது பனி ஈரம் காயாத சரிவில் கால் வழுக்கும். தை பிறந்ததும் மிளகு அறுவடை. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து வைத்த மூங்கில் ஏணி ஒரு பக்கம் புரண்டால், மேலே நிற்பவர் இரண்டாள் உயரத்திலிருந்து கீழே வருவார். மழைக்கு முன்பு நிழல் மரம் கழிக்கிறவர்கள் வெட்டிய கிளையோடு சேர்ந்து விழுவதுண்டு. கோடை விடுமுறையில் ஸ்கூட்டரில் வரும் சுற்றுலாக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் சூடாகி வளைவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காட்டெருமை முட்டுவதற்கு மட்டும் பருவமில்லை.

கரடியூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், ரத்தத்தை நிறுத்தக் கைக்கு முதலில் வருவது காப்பித்தூள், அதைவிட்டால் மஞ்சள். துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டி, ஜீப்பிலோ 108 வண்டியிலோ ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து ‘சேலம் ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க’ என்று சீட்டு எழுதித் தருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொள்ளாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்தப் பதிவு தொடங்குகிறது. எலும்பு நோயாளிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி உலகம் ஐம்பது அறுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லலாம்: முதல் டோஸ் சீக்கிரம் தொடங்க வேண்டும், கடைசி டோஸ் சீக்கிரம் முடிய வேண்டும். நம் ஊர் வழக்கம் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. மலையில் தொடங்க வேண்டிய மருந்து சேலத்தில் தொடங்குகிறது. இரண்டு நாளில் நிறுத்த வேண்டிய மருந்து தையல் பிரிக்கும் வரை நீள்கிறது.

தோல் கிழியாத முறிவும், தோல் கிழிந்த முறிவும் வேறு வேறு நோய்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளுக்குள் உடைந்த எலும்பைச் சுற்றி ரத்தம் கட்டும், கிருமி இருக்காது. தோல் திறந்துவிட்டால் கதை மாறுகிறது. பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பணியாற்றிய ரமோன் குஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976ல் 1,025 திறந்த முறிவுகளை அலசி வெளியிட்ட கட்டுரைதான் இன்றுவரை எல்லா எலும்பு மருத்துவர்களும் பேசும் வகைப்பாட்டுக்கு மூலம். அவர்கள் காயத்திலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்த நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே காயத்தில் கிருமி இருந்தது. ஆகவே திறந்த முறிவில் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை வருமுன் காக்கும் மருந்து என்று சொல்வதே பாதி உண்மைதான். கிருமி ஏற்கெனவே உள்ளே வந்தாகிவிட்டது. அது வேர்பிடிக்கும் முன் பிடுங்குவதுதான் வேலை.

குஸ்டிலோவின் கணக்கில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான சுத்தமான காயம் முதல் வகை. அதைவிடப் பெரியது இரண்டாம் வகை. சதை நசுங்கி, எலும்பு பல துண்டாகி, மண் அப்பிய காயம் மூன்றாம் வகை. கரடியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதி அதில் உண்டு. விவசாய நிலத்தில் ஏற்பட்ட திறந்த முறிவு, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் மூன்றாம் வகைதான். காப்பிச் செடிக்குப் போட்ட தொழு உரமும், மட்கிய இலையும், சாணமும் கலந்த மண் அது. காற்றுப்படாத ஆழத்தில் வளர்ந்து சதையை அழுக வைக்கும் கிருமிகளின் வித்துகள் அந்த மண்ணில் இருக்கும். டெட்டனஸ் கிருமியும் அதே இனம். வெளியே ஊசி முனை அளவு ஓட்டை, உள்ளே ஒரு பிடி தோட்டத்து மண் என்று வருகிறவர்களை ‘சின்னக் காயம்தானே’ என்று தையல் போட்டு மூடி அனுப்புவது மிக ஆபத்தான காரியம்.

திறந்த முறிவுக்கு ஆன்டிபயாட்டிக் உதவுமா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் பட்சாக்கிஸ் குழுவினர் 1974ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. மருந்தே கொடுக்காதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குச் சீழ் பிடித்தது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 9.7 சதவீதம். செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்து கொடுத்தவர்களில் 2.3 சதவீதம் மட்டுமே. அதற்குப் பிறகு யாரும் ‘கொடுக்கலாமா’ என்று கேட்கவில்லை. ‘எப்போது’ என்று கேட்கத் தொடங்கினார்கள். பட்சாக்கிஸே 1989ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறிவுகளைப் பார்த்து, அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களுக்குத் தொற்று குறைவு என்றார்: 4.7 சதவீதம், தாமதமானால் 7.4.

அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து 2015ல் வந்த ஆய்வு இந்தக் கடிகாரத்தை இன்னும் இறுக்கியது. கணுக்காலுக்கு மேலுள்ள பெரிய எலும்பில் மூன்றாம் வகை முறிவு பட்ட 137 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அடிபட்ட 66 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறி, ஐந்து நாளுக்குள் காயத்தைச் சதையாலும் தோலாலும் மூடியவர்களில் தொற்று 2.8 சதவீதம். இரண்டுமே தாமதமானவர்களில் 40.5 சதவீதம். சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்ததும் இல்லை. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவும் இல்லை. ஆனாலும் பிரிட்டன் எலும்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் என்று எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்கள் சட்டைப்பையிலேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் மாத்திரை கொண்ட சிறு பொட்டலம் வைத்திருக்கிறார்கள். குண்டடி பட்டு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் வரும்வரை கிருமி காத்திருக்காது என்பது அவர்களுக்குப் போர்க்களம் கற்றுக்கொடுத்தது.

அறுபத்தாறு நிமிடம் என்பதை ஏற்காட்டுச் சாலையில் வைத்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து ஆளைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பாதி போய்விடும். ஏற்காடு அரசு மருத்துவமனை வாசலுக்கு வரும்போது ஒருவேளை இருபது நிமிடம் மீதி இருக்கலாம். அந்த இருபது நிமிடம்தான் கையில் இருக்கும் ஒரே வாய்ப்பு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எவ்வளவு நல்ல மருத்துவர்கள் இருந்தாலும், இருபது வளைவுகளுக்குக் கீழே இருக்கும் அவர்களால் அதைத் திருப்பித் தர முடியாது. முதல் ஊசியை மேலேயே போட்டுத்தான் அனுப்ப வேண்டும். செஃபசோலின் இரண்டு கிராம் என்பது அரிய மருந்தில்லை, விலை அதிகமும் இல்லை. அதைப் போட எக்ஸ்ரே தேவையில்லை, எலும்பு மருத்துவர் தேவையில்லை. கையில் ஒரு ஊசிக்குழாய் ஏற்றி, பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டுவிட்டு, ஒரு செவிலியர் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய வேலை.

தமிழ்நாட்டில் இதற்கான மற்ற ஏற்பாடெல்லாம் இருக்கிறது. 108 சேவை 2008லிருந்து ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. ஒரு லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கிய திட்டம் அது. பணத்துக்கும் வண்டிக்கும் வழி செய்தாகிவிட்டது. 48 மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கும் அந்த முதல் ஒரு மணி நேர ஊசிக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

ஊசி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை.

முதல் உலகப்போரில் பிரான்ஸின் பூலோன் நகரத்துப் படை மருத்துவமனையில், பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயை உருக்கி இழுத்து, குண்டு துளைத்த காயம்போலப் பல முனைகளும் இடுக்குகளும் உள்ள செயற்கைக் காயம் ஒன்றைச் செய்தார். அதில் கிருமி நிரப்பி, அந்நாளைய கிருமிநாசினிகளை ஊற்றிக் கொட்டினார். மறுநாள் அந்த இடுக்குகளிலிருந்து கிருமி மறுபடி பெருகி நின்றது. மருந்து போய்ச் சேராத இடத்தில் மருந்துக்கு வேலையில்லை. செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு நரம்பில் ஏற்றிய ஆன்டிபயாட்டிக்கும் போகாது. அறுவை அரங்கில் செத்த சதையை வெட்டி எடுத்து, மண்ணையும் கல்லையும் பொறுக்கி, லிட்டர் லிட்டராகக் கழுவுவதுதான் தலைமைச் சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் அதற்குத் துணை.

கழுவுவதற்கு என்ன வேண்டும்? சோப்பு கலந்த நீரா, வேகமாகப் பீய்ச்சும் எந்திரமா என்று நீண்டகாலம் விவாதம் நடந்தது. இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற ஓர் உலக ஆய்வு, சுமார் 2,500 நோயாளிகளை வைத்து 2015ல் அதை முடித்து வைத்தது. சாதாரண உப்பு நீர் போதும். சோப்பு போட்டவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை அதிகமாகத் தேவைப்பட்டது. குறைந்த அழுத்தத்தில் ஊற்றினாலும் பலன் ஒன்றுதான். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

‘ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை’ என்ற பழைய விதியும் இப்போது தளர்ந்திருக்கிறது. 1898ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் என்பவர் கினிப்பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்து, எத்தனை மணி நேரத்துக்குள் வெட்டி எடுத்தால் அவை பிழைக்கின்றன என்று பார்த்தார். ஆன்டிபயாட்டிக் என்ற ஒன்றே இல்லாத காலத்து விதி அது. மருந்து சீக்கிரம் ஏறியிருந்து, காயம் படுமோசமாக இல்லாவிட்டால், அனுபவமுள்ள குழு பகலில் நிதானமாகச் செய்யும் அறுவை சிகிச்சை, நள்ளிரவில் அரைகுறையாகச் செய்வதைவிட நல்லது என்பதே இன்றைய கருத்து. மலையிலிருந்து வருகிறவருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: ஊசி மட்டும் நேரத்துக்குப் போட்டிருந்தால், சாலை தின்ற நேரம் அவ்வளவாகக் கெடுக்காது.

இந்த விஷயத்தில் உலகம் தமிழ்நாட்டிடமிருந்து கற்றுக்கொண்டதும் உண்டு. கோவை கங்கா மருத்துவமனையை 1978ல் மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர் மனைவி கனகவள்ளியும் தொடங்கினார்கள். மகன்களில் எஸ். ராஜசேகரன் எலும்பைப் பார்த்துக்கொண்டார், எஸ். ராஜ சபாபதி ஒட்டுறுப்பு அறுவையைப் பார்த்துக்கொண்டார். நசுங்கிய காலுக்கு எலும்பைச் சேர்ப்பவரும் தோலையும் சதையையும் மூடுபவரும் முதல் நாளிலேயே ஒரே மேசையில் நிற்க வேண்டும் என்பது அங்கே நடைமுறையானது. மூன்றாம் வகை முறிவில் காலை வைத்துக் காப்பாற்றுவதா, எடுப்பதா என்று முடிவு செய்ய அவர்கள் வகுத்த மதிப்பெண் முறை 2006ல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் வெளியானது. தோல், எலும்பு, தசை நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஐந்து வரை மதிப்பெண். அதோடு நிலைமையை மோசமாக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் இரண்டு. சாக்கடை, சாணம், விவசாய மண் பட்டிருந்தால் இரண்டு. கழுவி வெட்டிச் சுத்தம் செய்வதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் இரண்டு. மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளி என்றால் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் பெரும்பாலும் முடியாது. நடுவில் இருப்பது அனுபவசாலிகள் யோசிக்க வேண்டிய இடம். வெளிநாட்டு மருத்துவர்களும் எடுத்தாளும் முறை இது. தோட்டத்து மண்ணும் பயண நேரமும் அதில் இடம்பெற்றதற்குக் காரணம், அதை வகுத்தவர்கள் மேற்குத் தமிழ்நாட்டின் வயல்களிலிருந்தும் ரோடுகளிலிருந்தும் வந்த கால்களைத் தினம் பார்த்தவர்கள்.

இனி வாலைப் பற்றி, அதாவது நீளும் மருந்தைப் பற்றி.

தோல் கிழியாத முறிவுக்கு ராடு போடுகிறார்கள், பிளேட் வைக்கிறார்கள், மூட்டு மாற்றுகிறார்கள். சுத்தமான அறுவை சிகிச்சை. இதற்கு ஆன்டிபயாட்டிக் எவ்வளவு வேண்டும்? கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ். நான்கு மணி நேரத்துக்கு மேல் அறுவை நீண்டால் இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ‘டாக்டர், ஊசியும் இல்லாம மாத்திரையும் இல்லாம அனுப்புறீங்களே’ என்று கவலைப்படுவார்கள். அந்தக் கவலைக்குப் பயந்தே மாத்திரை எழுதும் மருத்துவர்களும் உண்டு.

ஏன் ஒரு டோஸ் போதும் என்பதற்கு 1961ல் ஜான் பர்க் செய்த சோதனையே அடிப்படை. கிருமியை உள்ளே விடும் நேரத்தில் மருந்து சதையில் இருந்தால் புண் வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம். 1992ல் சால்ட் லேக் சிட்டியில் கிளாசன் குழுவினர் 2,847 நோயாளிகளில் இதையே கண்டார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று 0.6 சதவீதம். கத்தி வைத்து மூன்று மணி நேரம் கழித்துத் தொடங்கியவர்களில் 3.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டி, அறுவை முடிந்த பிறகு தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. எலும்பு அறுவையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. முழங்காலில் அறுவை செய்யும்போது தொடையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்துவார்கள். பட்டையை இறுக்குவதற்கு முன்பே மருந்து எலும்பில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இறுக்கிய பிறகு போட்ட ஊசி உடம்பெல்லாம் சுற்றும், முழங்காலுக்கு மட்டும் போகாது.

திறந்த முறிவுக்கும் அளவு உண்டு. முதல் இரண்டு வகைகளில் காயம் மூடி 24 மணி நேரத்தோடு நிறுத்தலாம். மூன்றாம் வகையில் கிராம்-நெகட்டிவ் கிருமிகளையும் எட்டும் மருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள்; மண் அப்பியிருந்தால் பென்சிலினோ மெட்ரானிடசோலோ கூட வரும். அதுவும் 72 மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன், ஐந்து நாள் அமிகாசின், பிறகு பத்து நாள் மாத்திரை என்று நம் வார்டுகளில் சாதாரணமாகப் பார்க்கும் பட்டியலுக்கு எந்த ஆய்வின் ஆதரவும் இல்லை. திறந்த முறிவில் பின்னாளில் சீழ் வைக்கும் கிருமி, பெரும்பாலும் தோட்டத்து மண்ணில் இருந்து வந்ததே இல்லை; வார்டில் படுத்திருக்கும்போது வந்து சேர்ந்தது. நீளும் ஆன்டிபயாட்டிக் எளிய கிருமிகளை எல்லாம் கொன்று, வார்டின் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது.

அந்த முரட்டுக் கிருமிகளைப் பற்றி உலகுக்குச் சொன்னதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அதைக் கண்டதாக எழுதினார்கள். டெல்லியின் பெயரை நொதிக்கு வைத்ததில் பெரிய சண்டை எழுந்தது. ஆனால் கிருமி இருந்தது உண்மை. இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், நாட்டின் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வழித்திட்டம் ஒன்றை வகுத்தன. அதன் பெயரே ‘சென்னைப் பிரகடனம்’. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃப்ட்ரையாக்சோன், செஃபிக்சிம் போன்றவற்றையும் காசநோய் மருந்துகளையும் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் ஏட்டில் பதிந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். மெடிக்கல் ஷாப்பில் ‘அண்ணே, புண்ணு ஆற மாத்திரை குடுங்க’ என்று கேட்டால் இன்றும் கிடைத்துவிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

எலும்பு நோயாளிக்கு அந்த மாத்திரை ஏன் இன்னும் கூடுதலான கேடு என்பதைப் புரிந்துகொள்ள, கிளியூர் அருவிப் பாறையில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கும். அந்த வழுவழுப்பு, கிருமிகளும் பாசியும் பாறையில் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றிப் பூசிக்கொண்ட பசைப் படலம். கனடாவின் மலை ஓடைகளில் இருந்த கற்களைச் சுரண்டிப் பார்த்த பில் காஸ்டர்டன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர்தான், ஓடை நீரில் நீந்தும் கிருமிகளைவிடக் கல்லில் ஒட்டி வாழ்பவை எத்தனையோ மடங்கு அதிகம் என்று 1970களில் கண்டு, 1978ல் பலருக்கும் புரியும்படி எழுதினார். அதே படலம்தான் உடலுக்குள் ராடின் மேலும் ஸ்க்ரூவின் மேலும் படிகிறது. உயிருள்ள திசுவுக்குக் காவல் இருக்கிறது, வெள்ளணுக்கள் வரும். உலோகத்துக்குக் காவலில்லை. லண்டனில் எலெக், கோனன் இருவரும் 1957ல் தன்னார்வலர்களின் தோலில் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. வெறும் தோலில் சீழ் வைக்க லட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. ஒரு பட்டு நூல் தையல் உள்ளே இருந்தால் சில நூறு போதுமாக இருந்தது.

படலத்துக்குள் பதுங்கிய கிருமியைக் கொல்ல வழக்கமான அளவைவிட ஆயிரம் மடங்கு வரை மருந்து வேண்டும். எந்த நோயாளிக்கும் அவ்வளவு கொடுக்க முடியாது. ஆகவே ராடு போட்ட இடத்தில் சீழ் வடிய ஆரம்பித்தால், மாத்திரை மேலோட்டமாக மிதக்கும் கிருமிகளைக் கொல்லும். சீழ் ஒரு வாரம் நிற்கும். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வடியும். இப்படியே மாதங்கள் ஓடும். எலும்பு உள்ளே செத்துக்கொண்டிருக்கும். இன்னொரு கேடும் உண்டு: என்ன கிருமி என்று கண்டுபிடிக்க உள்ளிருந்து சதையும் எலும்பும் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். இடைவிடாமல் மாத்திரை சாப்பிட்டவரின் மாதிரியில் எதுவும் வளராது. அவசரம் இல்லாத நேரத்தில் மருத்துவர்கள் இரண்டு வாரம் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மாதிரி எடுப்பது இதனால்தான். புரை ஓட்டையின் வாயில் பஞ்சைத் தொட்டு எடுக்கும் பரிசோதனையை நம்பி மருந்து கொடுப்பதும் பயனில்லை. அது தோலின் கிருமியைச் சொல்லும், எலும்பின் கிருமியைச் சொல்லாது.

சரியான கிருமி தெரிந்து, செத்த எலும்பை வெட்டி எடுத்த பிறகு வரும் ஆன்டிபயாட்டிக் வேறு கணக்கு. அங்கே நீளம் தேவை. செயற்கை மூட்டில் பிடித்த தொற்றுக்கு ஆறு வாரம் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்று பிரான்ஸில் 410 பேரிடம் ஒப்பிட்டு 2021ல் வெளியிட்டார்கள். ஆறு வாரக்காரர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று தீரவில்லை, பன்னிரண்டு வாரக்காரர்களில் 9.4. உலோகத்தில் ஒட்டிய ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை விரட்ட ரிஃபாம்பிசினைச் சேர்ப்பது நல்ல பலன் தரும் என்பது 1998லிருந்து தெரியும். ஆனால் ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் சில நாளிலேயே கிருமி அதற்குப் பழகிவிடும். அது நம் காசநோய்ச் சிகிச்சையின் தூண் என்பதையும் மறக்கக்கூடாது. சாதாரண எலும்புத் தொற்று என்று நினைத்து அதைக் கொடுக்கும்போது உண்மையில் அது எலும்புக் காசநோயாக இருந்துவிட்டால், விளைவு மிக மோசமாகும்.

மலையில் இருப்பவர்களுக்கு அதிகம் பயன்படும் ஆய்வு 2019 ஜனவரியில் வந்தது. பிரிட்டனின் 26 மையங்களில் 1,054 எலும்பு, மூட்டுத் தொற்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் ஆறு வாரமும் நரம்பு வழி மருந்து, மறுபாதிக்கு ஒரு வாரத்துக்குள் மாத்திரைக்கு மாற்றம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் தோல்வி 14.6 சதவீதமும் 13.2 சதவீதமும், வேறுபாடு இல்லை. ஆறு வாரம் சேலம் வார்டில் கிடந்தால் தோட்டக்கூலி போகும். உடனிருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அதே நட்டம். வார்டுக் கிருமி ஒட்டும் அபாயம் வேறு. கிருமிக்கு ஏற்ற, எலும்பில் நன்றாக இறங்கும் மாத்திரை என்று உறுதியான பிறகு வீட்டிலேயே சாப்பிடலாம் என்பது ஏழைக்குக் கிடைத்த பெரிய சலுகை. மருத்துவர் தேர்ந்தெடுத்த மாத்திரை, குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

மருந்து மட்டுமே எலும்பைக் காப்பாற்றிய கதையும் ஒன்று இருக்கிறது, அதுவும் சென்னையில்தான் நடந்தது. முதுகெலும்புக் காசநோய்க்கு மார்பைத் திறந்து அழுகிய எலும்பை வெட்டி எடுத்து, புது எலும்பு வைக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஹாங்காங்கில் புகழ்பெற்றிருந்தது. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, 304 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு அந்த அறுவையும் ஆறு மாத மருந்தும். மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் அறுவை இல்லை, படுக்கையும் இல்லை. நடமாடிக்கொண்டே ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மட்டும், ஆறு மாதமோ ஒன்பது மாதமோ. பத்து ஆண்டு கழித்து 1999ல் வெளியான முடிவு: அறுவை செய்தவர்களில் 90 சதவீதம் நல்ல நிலையில் இருந்தார்கள், ஆறு மாத மருந்துக்காரர்கள் 94, ஒன்பது மாதக்காரர்கள் 99. வளரும் பிள்ளைகளுக்கு முதுகு வளைவதைக் கவனிக்க வேண்டியிருந்தது. மற்றபடி, பலருக்குக் கத்தி வேண்டியதே இல்லை. அங்கே உலோகம் இல்லை, கிருமி மெதுவாக வளர்வது, மருந்து நேராகக் கொல்வது. அதே ரிஃபாம்பிசின், அதே எலும்பு, ஆனால் ராடில் ஒட்டிய ஸ்டஃபிலோகாக்கஸிடம் இந்தக் கணக்கு செல்லாது. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. நோயாளியின் பயமோ மருத்துவரின் பழக்கமோ அதில் தலையிடும்போதுதான் ஒரு பக்கம் குறைந்தும் மறுபக்கம் நீண்டும் போகிறது.

ஆகவே கரடியூரில் யாராவது ஏணியிலிருந்து விழுந்து எலும்பு வெளியே தெரிந்தால், காப்பித்தூளும் மஞ்சளும் இலைச்சாறும் வேண்டாம். அத்தனையையும் அறுவை அரங்கில் ஒருவர் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டி, குச்சியோ அட்டையோ வைத்துக் காலை அசையாமல் செய்து, 108ஐக் கூப்பிட வேண்டும். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளக்கூடாது. நாட்டுக் கட்டுக்காரரிடம் போகக்கூடாது. மூடிய முறிவில் அவர் கை தேர்ந்தவராக இருக்கலாம், திறந்த முறிவு அவருடைய வேலையே இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசியோடு நின்றுவிடாமல், ‘சிஸ்டர், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா?’ என்று கூட வந்தவர் கேட்கலாம். கேட்பதில் தவறொன்றுமில்லை. மேலே ஊசி போட்ட பிறகு, சேலத்துக்கு எழுதும் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றும் இருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் அடுத்த டோஸை அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடுவார்கள். எப்போது நிறுத்துவது என்ற கணக்கும் அங்கிருந்தே ஓடும்.